கம்பத்தில் வெட்டிய இருபத்தேழு வருடம்

சுன்னாகம் தொலைபேசி லைன் பகுதியிலிருந்து இன்று ஓய்வு பெறும் திரு. நடராசா செல்வரட்ணம் அவர்களுக்கு, உடன் வேலை செய்தவர்கள் வாசித்தளிக்கும் மடல்

முழங்கால் இரண்டும் வீங்கி, கதிரையை விட்டு எழும்பக் கையூன்ற வேண்டிய நிலையில் எங்கள் முன் வீற்றிருக்கும் மூத்தவரே! ஏணிப்படி அழுத்தி அழுத்தி உள்ளங்காலின் நடுவே காய்த்துப்போன தழும்போடு நொண்டி நொண்டி இந்த மேடை ஏறிய எங்கள் செல்வரட்ணம் அண்ணையே! வெயிலில் வெந்தும் வாடை மழையில் நனைந்தும் வலிகாமத்தை வாய்பேச வைத்த வல்லவரே, வணக்கம்.

பொன்னாடை போர்த்திவிட்டோம், மாலையும் போட்டுவிட்டோம். கம்பனி இடம் தராதபடியால் இந்த வாசிகசாலையில் வைத்துச் செய்கிறோம். கம்பனியின் கணக்கில் இன்று எவரும் ஓய்வு பெறவில்லை. ‘ஒப்பந்தம் நிறைவு’ என்று ஒற்றை வரிக் கடிதம் தந்திருக்கிறார்கள்.

தொலைத்தொடர்புச் சந்தையைப் பிறநாட்டு முதலுக்குத் திறந்துவிடுவோம் என்று உலக வர்த்தக மேசையில் நாடு கொடுத்த வாக்கு நடைமுறைக்கு வந்தது தொண்ணூற்றெட்டில். அதே வருடம்தான் நீங்கள் சுன்னாகம் சந்தியில் உங்கள் முதல் கம்பத்துக்குக் கிடங்கு வெட்டினீர்கள். போட்டி வந்தால் விலை குறையும் என்றார்கள். குறைந்தது, இல்லையென்று சொல்லமாட்டோம். எங்கிருந்து குறைத்தார்கள் என்பது எங்கள் முதுகுக்குத் தெரியும். லைன் வேலையைக் கேள்விப்பத்திரம் போட்டு, ஆகக் குறைந்த விலை கேட்டவனுக்குக் கொடுத்தார்கள். ஒப்பந்தக்காரர் ஐந்து தரம் மாறினார்கள், சட்டையின் நிறமும் ஐந்து தரம் மாறியது, சட்டைக்குள் இருந்த உடம்பு மட்டும் உங்களுடையதாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் கடதாசியில் நீங்கள் புது ஆள்.

“சந்தையைத் திறந்துவிட்டினம் தம்பி. வாசல் படலை விழாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது நாங்கள்” என்று நீங்கள் சொல்ல, கம்பத்தின் உச்சியிலிருந்து எங்களில் ஒருவனான பிறேம் சிரித்ததில் குறடு கீழே விழுந்தது. அது உங்கள் தலைக்கவசத்தில் விழுந்தபடியால்தான் இன்று இந்தப் பாராட்டு.

நாட்டிய ஒவ்வொரு மரக்கம்பத்திலும், நெஞ்சு உயரத்தில், ‘செ’ என்று உளியால் வெட்டி, கீழே மாதமும் வருடமும் வெட்டுவது உங்கள் வழக்கம். பெருமைக்கு வெட்டவில்லை. செம்பாட்டு மண்ணுக்குள் மரம் எத்தனை வருடம் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏறப்போகிறவன் முதலில் வருடத்தைப் பார்க்கவேண்டும், பிறகு அடியைத் தட்டிப் பார்க்கவேண்டும், அதற்குப் பிறகுதான் கால் வைக்கவேண்டும் என்று எங்களைப் பழக்கினீர்கள். மானிப்பாயிலிருந்து அச்சுவேலி மட்டும் அந்த வருடங்களை வாசித்து வாசித்து ஏறியவர்கள் நாங்கள். எங்களில் ஒருவரும் விழவில்லை.

போன வருடம் பைபர் என்கிற கண்ணாடி இழை வந்தது. செப்புக் கம்பியைச் சுருட்டு, மரக்கம்பத்தைப் பிடுங்கு, இறக்குமதிக் கம்பத்தை நடு என்று கட்டளை. முழங்கால் வலியால் ஏற முடியாமல் நீங்கள் களஞ்சிய அறையில் இருந்த மாதங்கள் அவை. நாங்கள் பிடுங்கினோம். லொறியில் ஏற்ற வசதியாக ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக அரிந்தோம். வெங்காயக் கொட்டிலுக்குக் கொஞ்சம், ஆட்டுக் கொட்டிலுக்குக் கொஞ்சம், மிச்சம் அடுப்புக்கு. எழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் அரிந்தோம். ஏறுகிறவனுக்காக வெட்டிய எழுத்து, இனி ஏற ஆளில்லை, தேவையில்லை என்று நினைத்தோம். இந்தப் பிழையை எங்களைப்போல லைன் வேலைக்காரர்தான் விட முடியும்.

ஓய்வு நெருங்க, பணிக்கொடைக்காக உங்கள் முழுச் சேவைக் காலத்தையும் ஏற்கவேண்டுமென்று தொழில் அலுவலகத்தில் மனுக் கொடுத்தீர்கள். ஆரம்பத்திலிருந்து வேலை செய்ததற்கு எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார்.

“ஓம் ஐயா, கம்பத்திலை இருக்கு” என்றீர்கள்.

படம் எடுத்துவரச் சொன்னார். கோபிசங்கரின் போனை வாங்கிக்கொண்டு, அந்த முழங்காலோடு நாலு நாள் சைக்கிள் மிதித்தீர்கள். கடைசியில் அச்சுவேலியில், சந்தியோகு என்பவரின் ஆட்டுக் கொட்டிலில் ஒரு துண்டு அகப்பட்டது. ‘செ’ இருந்தது. கம்பம் அரிந்த எங்கள் வாள் வருடத்தின் நடுவாலே போயிருந்தது.

அப்படியென்றால் கூட வேலை செய்த இருவரைச் சாட்சிக்குக் கூட்டிவாருங்கள் என்றார் அதிகாரி. அந்தக் கிழமைதான் எங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கிற கிழமை. தொழில் அலுவலகப் படி ஏறுகிறவர் தலைக்கவசத்தைத் திருப்பித் தந்துவிட்டு ஏறலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். சுதாகரனுக்குக் காய்ச்சல் வந்தது. கோபிசங்கருக்குச் செத்தவீடு வந்தது. பிறேம் போனை நிறுத்தி வைத்தான், ஊருக்கெல்லாம் போன் இழுத்துக் கொடுக்கிறவன்.

ஒன்பது மணி தொடங்கி நாலு மணி மட்டும் தொழில் அலுவலகத்து மர வாங்கில் தனியே இருந்தீர்கள். தீர்ப்பு வந்தது: சேவைக் காலம், கடைசி ஒப்பந்தக்காரரின் கடதாசியில் உள்ள இரண்டு வருடமும் நாலு மாதமும் மட்டுமே. மேன்முறையீட்டுக்குரிய நாளும் கடந்துவிட்டது. அப்படிக் காத்திருந்ததற்கு அடுத்தநாளே வேலைக்கு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்து, “விடுங்கோ, உங்களுக்கும் பிள்ளையள் இருக்கு” என்றீர்கள். ஏசியிருக்கலாம் அண்ணை. ஏசியிருந்தால் எங்களுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பொறுமையின் பொக்கிஷமே, நேர்மையின் நடுக்கம்பமே என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தோம். எழுதலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருபத்தேழு வருடம் என்று எழுதுகிற கை, எழுதவேண்டிய இடத்தில் எழுதவில்லை. இதைச் சுவரில் மாட்டலாம், வேறு எதற்கும் உதவாது.

இனி நீங்கள் ஏறுவதற்குக் கம்பம் இல்லை. உங்கள் முழங்காலுக்கு வலி குறையட்டும், கண்ணுக்கு நித்திரை வரட்டும், மகள் கஜானியின் வீட்டில் நெடுங்காலம் நோயற்று இருங்கள். எங்களை ஒப்பந்தம் விடுகிற மட்டும் நாங்கள் இங்கேதான் இருப்போம்.

இவ்வண்ணம்,
கோபிசங்கர், சுதாகரன், பிறேம்
லைன் பகுதி, சுன்னாகம்
உங்களுக்கு ஒரு சாட்சி கடன்பட்டவர்கள், இன்னும் கொடுக்காதவர்கள்.