வரமுடியாத மணப்பெண்களுக்காக நின்ற வெர்னா டால்குவிஸ்ட் அவர்களுக்கு

பைன் மரங்கள் பனி சுமந்து நிற்கும் பள்ளத்தாக்கில், பாதி நிஜமும் பாதி கனவுமாய்ப் படர்ந்து கிடக்கும் எங்கள் லார்க்ஸ்பர் கவுண்டி என்னும் மாவட்டத்தில், நீதிமன்றக் கீழ்த்தளத்துத் திருமண உரிமக் கவுண்டரில், கலக்கத்தோடு வந்தோரைக் கலகலப்போடு அனுப்பிவைத்த கருணையே! காதலுக்குக் கவுண்டி முத்திரை குத்திக் கொடுத்த கண்ணியமே! பிறர்க்கெனப் பல முறை மணமேடை ஏறிய மாண்பே! முப்பதாண்டுக்கும் மேலாக எங்களை அதட்டியும் அணைத்தும் நடத்திய அன்பின் தலைவியே! தங்கள் பணி ஓய்வு நாளான இன்று, கையில் காப்பியும் தட்டில் ஹக்கிள்பெரிப் பழப் பலகாரமுமாய்க் கூடியிருக்கும் நாங்கள் தங்களை வணங்கி வரவேற்கிறோம்.

தாங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஒரு மாதமாக எங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வருத்தம் அல்ல. தங்கள் வீடு விற்றாயிற்று. தங்கள் தங்கை ஆலிவ் அரிசோனாவிலிருந்து சாமான் வண்டியோடு வந்து, இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். சனிக்கிழமை தாங்கள் அவரோடு அரிசோனா புறப்படுவதாக ஏற்பாடு. அதற்குள்ளாவது, மாடியில் நிலப்பதிவு அறையில் வேலை பார்க்கும் ஆர்லோ ஸ்டென்சன் தம் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட மாட்டாரா என்று நாங்கள் எல்லோரும் காத்துக்கிடந்தோம். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது, தங்களைத் தவிர, இந்தக் கட்டடத்தில் காவலாளி வரை எல்லோருக்கும் தெரியும்.

செயல் வீராங்கனையே! சட்டம் தெரிந்தவர்கள் ஊரில் பலர். மனிதர் தெரிந்தவர் தாங்கள். உரிமம் கேட்டு வந்த இடத்திலேயே, யார் பெயரை முதலில் எழுதுவது என்று சண்டை பிடித்த ஜோடியிடம், "வெளிய போய்ச் சண்டைய முடிச்சுட்டு வாங்க. நான் அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிக் கதவைக் காட்டினீர்கள். அவர்கள் ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மனைவியை இழந்த பண்ணைக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் தம் திருமணப் பதிவின் நகல் கேட்டு வருவார். "போன வருஷம் குடுத்தது என்னாச்சு?" என்று கேட்டால், "எலி கடிச்சிருச்சு மேடம்" என்பார். எந்த எலியும் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஆனாலும் நகலை எடுத்து, அதிலுள்ள இரண்டு பெயர்களையும் நிதானமாக அவருக்குப் படித்துக் காட்டித்தான் கொடுப்பீர்கள்.

இனி, அரிசோனா விருந்தினருக்காக ஒன்று சொல்ல வேண்டும். படையில் இருப்பவர் திருமணத்துக்கு வரமுடியாமல், அவர் துணையும் வரமுடியாமல் போனால், இருவருக்கும் பதிலாக வேறு இருவர் நின்று உறுதிமொழி சொல்லலாம் என்பது எங்கள் மாநிலத்துச் சட்டம். அப்படி வந்த திருமணங்களில் மணப்பெண்ணுக்குப் பதிலாகத் தாங்கள் நின்றீர்கள். மணமகனுக்குப் பதிலாக ஆர்லோ நின்றார். மற்ற அலுவலகங்களில் உறுதிமொழியை வாசித்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். தாங்கள் அப்படியல்ல. முதல் நாளே அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்பீர்கள்: "உன் ஜன்னல் வழியா இப்ப என்னம்மா தெரியுது?"

ஒருத்தி கடல் என்பாள். ஒருத்தி கொடியில் காயும் துணி என்பாள். மறுநாள் நீதிபதி முன் நிற்கும்போது தாங்கள் அதை ஆர்லோவின் காதில் மெல்லச் சொல்வீர்கள். தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி அவர் கேட்டுக்கொள்வார். அப்புறம் எங்களுக்கே குழப்பமாகிவிடும். வெளியே எங்கள் மலையும் மூடுபனியும் நிற்க, அறைக்குள் யாரோ ஒருத்தியின் கடல் அலையடிக்கும். தங்கள் குரலில் இருபது வயதுப் பெண் ஒருத்தி பேசுவாள். கனவுக்குள் நின்று கையெழுத்துப் போட்டது போல் இருக்கும், சாட்சியாக நின்ற எங்களுக்கு.

அந்தக் கெல்சியின் திருமணம் நினைவிருக்கிறதா? மறக்கத்தான் முடியுமா! கெல்சி பிரசவ வலியோடு மலைக்கு அப்பால் ஆஸ்பத்திரியில். கணவாயைப் பனி மூடிவிட்டது. அவள் மணக்கவிருந்த கடற்படை மாலுமி கப்பலில். மாலைக்குள் கப்பல் தொடர்பு எல்லையைத் தாண்டிவிடும். அதற்குமுன் இருவரும் கணவன் மனைவி என்று படைப் பதிவில் ஏற வேண்டும். இருவரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருந்தது. தொலைபேசியில் தாங்கள் வழக்கம்போல் கேட்டீர்கள். வலிக்கு நடுவே அந்தப் பெண் சொன்னாள்: "இங்க ஜன்னலே இல்ல மேடம். வெறும் திரைதான் தொங்குது."

தாங்கள் தொலைபேசியை வைத்தீர்கள். பிறகு ஆர்லோவிடம், "அவளுக்கு ஜன்னல் இல்லியாம். நம்ம ஜன்னலையே குடுத்துருவோம்" என்றீர்கள். அத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக, ஊரார் ஜன்னல் எதுவும் குறுக்கே இல்லாமல், தாங்கள் இருவரும் எங்கள் பழைய ஜன்னலருகே நின்றீர்கள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் தங்கள் முகத்தில் பட்டது. ஆர்லோ அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, கெல்சி என்று சொல்ல வேண்டிய இடத்தில், தெளிவாக, "வெர்னாவை என் மனைவியாக ஏற்கிறேன்" என்றார்.

நீதிபதி பிக்ஸ்பி கண்ணாடியைக் கழற்றினார். "ஆர்லோ, இப்ப நீங்க யாரக் கட்டிக்கிறீங்க?"

நாங்கள் சிரித்தோம். அதற்காக இன்று வெட்கப்படுகிறோம். ஆர்லோவின் காது மடல் சிவந்துபோயிற்று. தாங்கள்தான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, "வாய் தவறிப்போச்சு ஜட்ஜ். பாவம், காலையிலேர்ந்து சாப்பிடல. மறுபடி சொல்லுவாரு. அந்தப் பொண்ணு காத்திட்டிருக்கு" என்றீர்கள். அவர் மறுபடி சொன்னார், சரியான பெயரை. கப்பலுக்குச் செய்தி போயிற்று, குழந்தை பிறந்தது, கெல்சி நலம். அன்று அந்த அறையிலிருந்து நலமில்லாமல் போனவர் ஆர்லோ ஒருவர்தான்.

அதன்பின் ஒவ்வொரு திருமணத்துக்கும் அவர் மணப்பெண்ணின் பெயரை உள்ளங்கையில் மையால் எழுதிக்கொண்டு வந்தார். அவருக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று தாங்கள் கவலைப்பட்டு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்கள். ஊருக்கெல்லாம் உள்ளம் படித்த உத்தமியே! இந்த ஒரு விஷயத்தில் தங்களைப் போல் மந்தமானவரை நாங்கள் பார்த்ததில்லை. அவர் அந்த மாத்திரைகளையும் நாள் தவறாமல் சாப்பிட்டார்.

இன்று காலை கதவு திறந்ததும் முதல் ஆளாக ஆர்லோ வந்து, மாடிப் படியேறாமல், கவுண்டருக்கு வெளியே பொதுமக்கள் வரிசையில் நின்றார். கழுத்தில் டை. உள்ளங்கையில் மை இல்லை. தங்கள் மேசையைக் காலி செய்து, பெட்டியை இடுப்பில் இடுக்கியபடி வந்த தாங்கள் அவரைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எந்தக் கல்யாணமும் இல்லியே. யாருக்குப் பதிலா நிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள்.

"யாருக்கும் பதிலா இல்ல, வெர்னா. எனக்காகத்தான் நிக்கிறேன்."

தட்டச்சு நின்றது. நகல் எடுக்கும் இயந்திரம்கூட நின்றுவிட்டது. தாள் சிக்கியிருக்க வேண்டும். தாங்கள் பெட்டியை மெல்லத் தரையில் வைத்தீர்கள்.

"அப்ப அன்னிக்குச் சொன்னது..."

"வாய் தவறலங்க. நீங்கதான் தவறிப்போச்சுன்னு சொல்லிட்டீங்க. உங்களுக்கு வேண்டாம்போலன்னு நெனச்சு சும்மா இருந்துட்டேன்."

"நான் சொன்னா உடனே நம்பிடறதா? நாலு வருஷமா மாத்திரை வேற தின்னுருக்கீங்க!"

"நீங்க குடுத்தீங்களே."

எதற்கும் கலங்காத தாங்கள் அப்போது கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கக் கதவைத் திறந்து, முப்பதாண்டில் தங்களுக்கென ஒரு முறையும் நின்றிராத அந்த வெளிப்பக்கத்துக்குப் போய், அவருக்கு அருகில் வரிசையில் நின்றீர்கள். சாமான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த ஆலிவ், "அப்ப நான் இவ்ளோ தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தது கல்யாணத்துக்கா? முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல கவுன் எடுத்துட்டு வந்திருப்பேனே!" என்றார். திருமண உரிமத் தாளை எடுத்து, யாரும் வற்புறுத்தவில்லையே என்று முறைப்படி நாங்கள் கேட்டபோது, தாங்கள் எங்களையே முறைத்தீர்கள். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம்.

ஆகையால், 'அரிசோனா வெயிலில் அமைதியாக வாழ்க' என்று சென்ற வாரமே எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்த மடலை மதியம் பிரித்தெடுத்துத் திருத்த வேண்டியதாயிற்று. அவசரத்தில் கண்ணாடி ஓரத்தில் கீறல் விழுந்துவிட்டது, பொறுத்தருள்க. பல்லாண்டு பனி பெய்யட்டும்; அத்தனை பனியையும் தாங்கள் இருவரும் ஒரே வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். நோயின்றி, நொடியின்றி, நேசம் குறைவின்றி நீடு வாழ்வீர்களாக!

கீழே எங்கள் எல்லோருடைய கையொப்பமும் இருக்கிறது. ஆர்லோ ஸ்டென்சனுடையது மட்டும் இல்லை. அவருடைய கையொப்பமும் தங்களுடையதும் வேறொரு தாளில், இருவரும் நேரில் வந்து போட்டவையாக, எங்கள் முத்திரையோடு இருக்கின்றன.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
லோயிஸ் ஹாக்லண்ட் (எழுதியவர்), நீதிபதி பிக்ஸ்பி, மற்றும்
லார்க்ஸ்பர் கவுண்டி நீதிமன்ற அலுவலகத்தார்