நியாசோரிக்குத் தண்ணீர் தந்த விசாலாக்ஷி அம்மையாருக்கு

நீரியல் கற்ற நெஞ்சமே! நாடு பல கடந்தும் நிதானம் கடவாத நேயமே! குழாயும் குழியும் கணக்குமாய்க் கழிந்த இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் குரல் உயர்த்தாத குணக்குன்றே! எங்கள் டல்லாஸ் அலுவலகத்தின் மூத்த பொறியாளரே, விசாலாக்ஷி அம்மையாரே, வணக்கம்!

ஈரோட்டில் பிறந்து, கிண்டியில் பயின்று, டெக்சாஸ் மண்ணுக்கு வந்து தலை நரைக்கும் வரை உழைத்த தாங்கள் பணிநிறைவு பெறும் இந்நாளில், காப்பெலில் இந்த மன்றத்தில் கூடியிருக்கிறோம். தங்கள் சிறப்புகளை வரிசையாய் அடுக்கினால் தாங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்பது தெரியும். ஆகவே ஒன்றே ஒன்றைச் சொல்லப்போகிறோம். அதைத் தாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. உடனிருந்த மரிய அந்தோணி சென்ற வாரம்தான் வாய் திறந்தார். கேட்டது முதல் எங்கள் திகைப்பு அடங்கவில்லை. இனி வருவது சபையோருக்கு, தாங்கள் பொறுத்தருள்க.

1997ஆம் ஆண்டின் பிற்பகுதி. கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள நியாசோரி நகராட்சியின் பழைய குடிநீர்த் திட்டத்தைப் புதுப்பிக்க அம்மையாரையும் மரிய அந்தோணியையும் நிறுவனம் அனுப்பியது. திட்ட அறிக்கையின் முதல் அத்தியாயம் ஊரின் நிலமும் மக்களும் தொழிலும் பற்றியது. வேறு யாராவது என்றால் பழைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். அம்மையார் தெருத்தெருவாய் நடந்தார்.

ஒருபுறம் ஏரி, மறுபுறம் பாறைக்குன்று, நடுவே செம்மண் சரிவில் நெருக்கியடித்த தகரக் கூரைகள். கரையில் லுவோ இன மீனவர்கள். குன்றுக்கு அப்பாலிருந்து சோளமும் வாழைக்காயும் கொண்டுவரும் லூயா இன உழவர்கள். கடைத்தெருவில் தலைமுறைகளாய்த் துணி விற்கும் குஜராத்திகள். பருத்தி ஆலை மூடிக் கிடந்தது. மீன்தான் ஊருக்குச் சோறு போட்டது. பெரிய மீனின் சதை ஆலையில் பதமாகி ஐரோப்பாவுக்கு விமானம் ஏறும். தலையும் முள்ளும் ஊருக்கு மிஞ்சும். அதைப் பொரித்து விற்கவும் ஒரு கூட்டம் இருந்தது. விரல் நீளப் பொடிமீனை வலைமேல் பரப்பிக் காயவைப்பவர்கள் பெண்கள்.

அவர்களில் ஒருத்தி அதியேனோ. தீவுகளுக்குப் படகில் போய்ப் பொடிமீன் வாங்கி வருபவள். பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் அம்மையாருக்கு ஊரை விளக்கியவள் அவளே.

“எங்க ஊர்ல தண்ணி இல்லேன்னு எழுதிடாதீங்க. தண்ணி இருக்கு. குழாய்லதான் இல்ல” என்று ஒருநாள் சிரித்தாள்.

பிறகு அந்தக் காலை வந்தது. விடுதியிலிருந்து கரைக்கு நடந்த இருவரும் பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

“மேடம்… ஏரி எங்க மேடம்?” என்றார் அந்தோணி.

ஏரி இருந்த இடத்தில் பச்சை வயல் ஒன்று கிடந்தது. அதில் ஊதாப் பூக்கள். ஒரு கொக்கு அதன்மேல் நடந்து போயிற்று. வழி தவறி வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் அம்மையாருக்குத் தோன்றியது. இரவில் காற்று திசை மாறி, வெளியே மிதந்துகொண்டிருந்த ஆகாயத்தாமரை முழுவதையும் குடாவுக்குள் தள்ளிவிட்டிருந்தது.

நகராட்சியின் நீர்ப்பொறியாளர் ஒடுவோர் ஓடிவந்தார். “உறிஞ்சுகுழாய் அடைச்சுப்போச்சு. மோட்டார் புகைஞ்சிடுச்சு. ஊருக்கே தண்ணி இல்ல.” மூச்சு வாங்கியபடி பச்சையின் நடுவே கை காட்டினார். “அதுக்குள்ள ஒரு படகு மாட்டியிருக்கு. பொடிமீன் வாங்கப் போன பெண்கள்.”

காது கொடுத்தால் குரல்கள் கேட்டன. துடுப்புப் போட முடியவில்லை. மோட்டார் படகின் விசிறியில் வேர்கள் சுற்றிக்கொண்டன. மேலே கால் வைத்த மீனவன் இடுப்பளவு அமிழ்ந்து திரும்பினான். ஹெலிகாப்டர் கேட்டு நைரோபிக்குப் பேசினார்கள், பார்க்கிறோம் என்று பதில் வந்தது. மறுநாள் அந்தக் குரல்கள் மெலிந்துவிட்டன.

நீரேற்று நிலையத்தின் முற்றத்தில், திட்டத்துக்காக மொம்பாசாவிலிருந்து வந்த கறுப்பு பிளாஸ்டிக் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. அம்மையார் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தோணி, ரெண்டு முனையையும் அடைச்சா இது மிதக்கும்ல?”

“மிதக்கும் மேடம். ஆனா ப்ராஜெக்ட் பைப். ஆபீஸ்ல கேக்கணும்.”

கேட்டார்கள். டல்லாஸில் தொலைபேசியை எடுத்தவர், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் மேலாளர் அகிலன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

“மேடம், அது கிளையன்ட்டோட மெட்டீரியல். இன்ஷூரன்ஸ் கவர் பண்ணாது. ப்ளீஸ், டச் பண்ணாதீங்க.”

“டச் பண்ணிட்டேன்னு எழுதிக்கோங்க அகிலன்” என்று சொல்லிவிட்டு அம்மையார் தொலைபேசியை வைத்தார்.

குழாய்களைச் சூடாக்கி ஒட்டி நீட்டினார்கள். இரண்டு வரிசைகளை அருகருகே மிதக்கவிட்டுக் கயிற்றால் பிணைத்தார்கள். மேலே பரப்பப் பலகை போதவில்லை. ஊரார் வீட்டுக் கதவுகளைக் கழற்றித் தலையில் சுமந்து வந்தார்கள். முன்னால் மீனவர்கள் அரிவாளால் பச்சையை வெட்டிச் சென்றார்கள். பொழுது சாய்வதற்குள் பாதை படகைத் தொட்டது. பெண்கள் ஒவ்வொருவராய்த் தவழ்ந்து வந்தார்கள். கடைசியாய் வந்தவள் அதியேனோ. உதடு வெடித்திருந்தது. அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க குழாய்ல தண்ணிக்கு முன்னாடி நான் வந்துட்டேன்” என்று சிரித்தாள்.

மறுநாள் நண்பகலில் ஒடுவோர் வந்து சொன்னார்: அதியேனோ இறந்துவிட்டாள்.

படகைச் சுற்றித் தேங்கிய நீரைத்தான் அவர்கள் அத்தனை நேரமும் குடித்திருந்தார்கள். காலரா. மற்றப் பெண்களும் மருத்துவமனையில் கிடந்தார்கள்.

“நேத்து சிரிச்சாளே!” என்றார் அம்மையார். தமிழ் தெரியாத ஒடுவோரிடம் தமிழில் சொன்னார். “நேத்து சிரிச்சாளே, இந்தக் கையைத்தானே பிடிச்சா!” அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி ஒருபோதும் கண்டதில்லை என்கிறார் அந்தோணி. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரில உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கக்கூடத் தண்ணி இல்ல” என்றார் ஒடுவோர் மெல்ல.

அம்மையார் எழுந்தார்.

அதே குழாய்ப் பாதையைப் பிரித்தார்கள். இரு வரிசையையும் ஒன்றாய் ஒட்டி நீட்டி, கல் கட்டி, பச்சைக்கு அடியில் நல்ல நீர் இருக்கும் ஆழத்தில் இறக்கினார்கள். மாற்று மோட்டாரை முடுக்கி, குளோரின் கலந்து, முதலில் மருத்துவமனைக்கு நீரைத் திறந்தார்கள். குழாயில் சத்தம் கேட்டதும் செவிலியர் ஒருவர் ஓவென்று அழுதார். அந்தப் படகில் வந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். எல்லோரும் அல்லர்.

டல்லாஸ் திரும்பிய அம்மையார் தம் மேசையில் அமர்ந்து அடுத்த வேலையைப் பார்த்தார். குழாயைத் தொட்டதற்கு நிறுவனம் விளக்கம் கேட்டது, கொடுத்தார். அதியேனோவைப் பற்றி, அகிலன் உட்பட, எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

சென்ற வாரம் மதிய உணவின்போது அகிலன் கேட்டார்: “அப்புறம் மேடம், ரிட்டயர் ஆனதும் பிரிட்ஜ்வாட்டர்ல பொண்ணு வீட்டுக்கா?”

“இல்ல அகிலன். நியாசோரிக்கு. ஒடுவோரும் ரிட்டயர் ஆகிறார். பம்ப்பிங் ஸ்டேஷனைப் பார்த்துக்கிட்டு நாலு பேருக்குக் கத்துக்கொடுக்க ஆள் வேணுமாம்.”

“எத்தனை மாசம் மேடம்?”

“ரிட்டர்ன் டிக்கெட் எடுக்கலை.”

அதன்பிறகுதான் அந்தோணி எங்களைத் தனியே அழைத்து எல்லாம் சொன்னார்.

அம்மையாரே! தங்களுக்கு ஓய்வான நாட்களை வாழ்த்தலாம் என்று வந்த எங்களுக்கு அந்த வாழ்த்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டீர்கள். உடல்வலிமை குன்றாதிருக்கவும், உறக்கம் தடைபடாதிருக்கவும், ஏரிக்காற்று தங்களிடம் இரக்கம் காட்டவும் அவரவர் தெய்வத்தை வேண்டுகிறோம். இன்னொன்று, மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்: போன இடத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

தங்கள் பிரிவைத் தாங்கப் பழகும்,
டல்லாஸ் அலுவலகத் தமிழ்ப் பணியாளர்கள்
அகிலன், மரிய அந்தோணி, ஜெஸ்மி, வேலுமணி
எழுதி வாசித்தளிப்பவர்: வான்மதி
காப்பெல், டெக்சாஸ், மே 2001