வெறுங்குழாய் அக்கா

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் அன்பு மகளே, ஆய்வுக்கூடத் தோழர்களே! வணக்கம்.

பதினோரு ஆண்டுகள் அக்காவுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவன் நான். அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்து வந்தேன். வரவில்லை. மரத்துப்போய் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை என்ன? செல்லுக்குள் புதிதாக உருவாகும் ஆர்.என்.ஏ. இழையை வெட்டிச் சீராக்க ஒரு நொதிக் கூட்டம் இருக்கிறது. சில புற்றுநோய்களில் அது தலைகால் தெரியாமல் ஆடுகிறது. அதன் கையைக் கட்டிப்போடும் வேதிப்பொருளைத் தேடினோம். முன்னின்று தேடியவர் யார்? முதுநிலை வேதியியல் ஆய்வாளர், எங்கள் வெறுங்குழாய் அக்கா!

மருந்து கலக்காமல் கரைப்பானை மட்டும் ஊற்றிய குழாய் ஒன்று ஒவ்வொரு சோதனையிலும் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒருமுறை அதை வைக்காமலே, நூற்றுப்பன்னிரண்டாம் வேதிப்பொருள் நொதியை நிறுத்திவிட்டது என்று நான் குதித்தேன். இனிப்புப் பெட்டிகூட வந்துவிட்டது. அக்கா கேட்டது ஒன்றுதான்: "வெறுங்குழாய் எங்கப்பா?" வைத்துப் பார்த்தோம். நிறுத்தியது கரைப்பான்! மருந்து சும்மா உட்கார்ந்திருந்தது. "சரி, ஸ்வீட் என்ன பாவம் பண்ணுச்சு, குடு" என்று முதல் துண்டை அவரே எடுத்துக்கொண்டார். என்ன மனுஷி!

சென்ற திங்கட்கிழமை இருநூற்று ஏழாம் பொருளுக்குக் குழாய்களை அடுக்கினார். வெறுங்குழாய் இல்லை. பார்த்துவிட்டு, "என்னக்கா, நீங்களேவா?" என்று சிரித்தேன். நெற்றியைத் தேய்த்தபடி, "லேசா தலைவலிப்பா. நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றார். அக்காவா நாளைக்கு என்பார்? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? மூளையில் ரத்தக் கசிவு. மாலை வீடு போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அந்தச் சோதனையின் முடிவு நேற்று வந்தது. நொதி முழுவதுமாக நின்றிருக்கிறது. இயக்குநர் அவர்களே, இதை வெற்றி என்று இங்கே அறிவித்து, அந்தப் பொருளுக்கு அக்காவின் பெயரைச் சூட்டச் சொன்னீர்கள். சற்று முன் வாசலில் மகளும் கேட்டாள்: "அம்மாவோட மருந்து வேலை செஞ்சுதா அங்கிள்?" ஆமாம் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. இன்னும் தெரியாதும்மா. வெறுங்குழாய் இல்லாமல் ஆமாம் என்றால் உன் அம்மா என்னைச் சும்மா விடமாட்டார்.

தோழர்களே! நாளைக் காலை ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் மறுபடி அடுக்குகிறோம். இருநூற்று ஏழு வென்றால் அன்று பெயர் சூட்டுவோம். தோற்றால் இருநூற்று எட்டு.

அக்கா, முதல் குழாய் வெறுங்குழாய்தான். நாளைக்குப் போட்டுவிடுகிறேன்.