அலமாரிச் செடி முறித்த சம்பந்தம்

நல்லேப்பிள்ளி வழியே செல்லும் பேருந்தில், மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்துத் திரும்பிய தம்பதியர் என் முன்னிருக்கையில் வழக்காடிக்கொண்டிருந்தனர்.

"ஏனுங்க, அந்த ஊட்டுக்குப் பொண்ணு குடுக்க வேண்டாமுங்க. அலமாரி பூராச் செடி பாத்தீங்கல்ல?"

"அழகாத்தான அடுக்கியிருந்தாங்க அம்மிணி? வெள்ளைத் தொட்டி, பின்னால புஸ்தகம்."

"பையனோட அம்மா சொன்னதைக் கேட்டீங்களா? வெயிலே வேண்டாமாமா. மாசம் ஒருக்காத் தண்ணி ஊத்துனாப் போதுமாமா. மூலையில வெச்சாலும் வாடாதாமா."

"நல்ல செடிதான?"

"அடுத்த மூச்சுலயே, வர்ற மருமகளும் இப்படித்தான் இருக்கோணும்னாங்க."

சம்பந்தப் பேச்சில் இத்துணை நேர்மையான வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை.

"தரகர் போன் பண்ணுனா என்ன சொல்றது?" என்றார் கணவர், தணிந்த குரலில்.

"அந்தச் செடிக்கே தாலி கட்டிக்கச் சொல்லுங்க."