கோடிட்ட இடம்

— மறுபடி படி. மெதுவா படி. நேத்து படம் பார்த்தவங்க எழுதின சீட்டுல அந்தப் பதினேழாவது.

— அத்தான், ஏற்கெனவே மூணு தடவை படிச்சாச்சு.

— படிடான்னா.

— "இந்த வருஷம் நான் பார்த்ததிலேயே நல்ல படம். முக்கியமா, அந்த அம்மா வீட்டை விட்டு ஏன் போனாங்கன்னு சொல்லாம விட்ட டைரக்டரோட துணிச்சலுக்கு ஒரு சல்யூட்."

— துணிச்சலாம்! சொல்லாம விட்டேனாம்! எட்டு நிமிஷம் இருபது செகண்டு சொல்லியிருக்கேன்டா, ஒரே ஷாட்டுல! அந்த எட்டு நிமிஷத்தை நீ தூக்கிப் போட்டுட்டு படத்தைக் காட்டியிருக்கே. அவன் எனக்கு சல்யூட் அடிக்கிறான்.

— தூக்கிப் போடல அத்தான். அதாவது, விட்டுப்போச்சு. அந்தக் காட்சி மட்டும் 'அக்கா'ன்னு தனி போல்டர்ல இருந்துச்சு. காப்பி எடுக்கும்போது அதுல டிக் அடிக்க மறந்துட்டேன்.

— சொந்த அக்காவை மறந்துட்டே. உன் அக்கா, என் பொண்டாட்டி, வாழ்க்கையில முதல் தடவையா நடிச்ச ஒரே காட்சி. வெளியாள் எடிட்டரைப் போட்டிருந்தா பயந்து வேலை பார்த்திருப்பான். மச்சான்னு உன்னைப் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— நேத்து சோதனைக் காட்சி போட்டப்போ நீங்களும் தியேட்டர்லதானே இருந்தீங்க? அப்பவே நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

— வாசல்ல நின்னேன்டா. என் படத்தை நான் ஜனங்களோட உக்காந்து பார்க்க மாட்டேன். கைதட்டல் கேட்டப்புறம்தான் உள்ள வந்தேன். சத்தியமா சொல்றேன், அந்த எட்டு நிமிஷத்துக்குத்தான் தட்டுறாங்கன்னு நினைச்சு நாலு பக்கமும் கும்பிட்டேன்.

— பார்த்தேன். அழகாக் கும்பிட்டீங்க.

— வாயை மூடிட்டு அடுத்த சீட்டைப் படி.

— இருபத்தி மூணு. "அந்த அம்மா ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. புருஷனோட குறட்டை."

— குறட்டையா?

— "அப்பா தூங்குற காட்சியில நல்லாவே கேக்குது. எங்க வீட்லயும் இதே கதைதான்."

— அது ஏசி சத்தம்டா!

— ஏசி சத்தம்தான். அதாவது, அதை எடுத்திருக்கணும். விட்டுப்போச்சு.

— அதுவும் விட்டுப்போச்சு! நல்லவேளை, படத்தையே விட்டுட்டு வரல.

— இருபத்தி நாலு. "அம்மா எங்கேயும் போகல. பூட்டுன பீரோவுக்குள்ளதான் இருக்காங்க. அப்பாதான் கொலைகாரர். கடைசி வரைக்கும் மூச்சுவிடாம பார்த்தேன்."

— லிஃப்ட் ரிப்பேர் பண்றவனோட குடும்பக் கதைடா அது! கொலை எங்கேர்ந்து வந்துச்சு?

— பீரோன்னு எழுதினவங்க மட்டும் ஆறு பேர் அத்தான். ஆறு பேரும் பிரமாதம்னு எழுதியிருக்காங்க.

— சரி, அடுத்து.

— முப்பத்தி ஒண்ணு. "என் சம்சாரம் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஏன் போனேன்னு நான் கேட்டதே இல்ல. படம் முடிஞ்சதும் தியேட்டர் வாசல்ல நின்னு போன் பண்ணேன். எடுக்கல. நாளைக்கும் பண்ணுவேன்."

— ஏசியைக் குறைடா. கண்ணுல அடிக்குது.

— ஏசி ஓடவே இல்லியே அத்தான்.

— அப்போ போடு. அந்த இடத்தைத் திரும்ப ஓட்டு, பார்ப்போம். அந்தக் காட்சி இல்லாம.

— இதோ. அப்பா பீரோவைத் திறக்கிறார். காலி ஹேங்கர் ஒண்ணு ஆடுது. மூடுறார். நேரா பொண்ணோட பள்ளிக்கூட ஷூ, ஒரு கயிறு அவிழ்ந்து கிடக்குது. ஒட்டுன இடமே தெரியல.

— இன்னொரு தடவை.

— ஹேங்கர். மூடுறார். ஷூ.

— அடப்பாவி. நல்லா இருக்குடா.

— அதைத்தான் அத்தான் காலையிலேர்ந்து சொல்ல வரேன்.

— நல்லா இருக்குன்னு எனக்கே தோணுதே, அதான் எரிச்சலா இருக்கு. தயாரிப்பாளர் என்ன சொன்னார்?

— இதே காப்பிதான் போகணும்னுட்டார். ஒரு செகண்டு கூட்டினாலும் கையெழுத்துப் போட மாட்டாராம். ஆறு மணிக்கு அனுப்பணும்.

— இப்போ மணி என்ன?

— நாலரை. பள்ளிக்கூடம் விட்டிருக்கும். அக்கா நேரா இங்க வரேன்னு சொல்லியிருக்கா.

— வர்றாளா! இப்போ என்னடா பண்றது? இந்தக் காட்சிக்காக இடுப்பு வரைக்கும் இருந்த முடியைக் கழுத்தோட வெட்டிக்கிட்டா. நாற்பது நாள் குக்கர்கிட்ட வசனம் பேசிப் பழகினா. விசில் வந்தாக்கூட நிறுத்த மாட்டா. வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு முப்பத்தி நாலு டீச்சருங்களைக் கூட்டிட்டு வர்றா. அவங்க முன்னாடி உக்காந்து, ஹேங்கர், மூடுறார், ஷூவைப் பார்த்தான்னா?

— நீங்க பக்குவமாச் சொன்னா கேட்டுப்பா அத்தான்.

— என்னன்னு சொல்ல? அந்த எட்டு நிமிஷத்தை எழுத நான் பட்ட பாடு தெரியுமா உனக்கு? நாலு நாள் மாடி அறைக் கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். கீழ இறங்கவே இல்ல. உன் அக்காவைச் சொல்லணும்டா. வேளாவேளைக்குக் கதவைத் தட்டிட்டு, தட்டை வெச்சுட்டுப் போயிடுவா. ஒரு பேச்சு இல்ல, ஒரு தொந்தரவு இல்ல. அந்தப் பொறுமைக்குக் கோயில் கட்டணும். உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

— தூக்கலாவா இருந்துச்சு?

— வாயில வைக்க முடியல. ஆனா நான் ஒண்ணும் சொல்லல. எழுதுறவனுக்கு உப்பு ஒரு விஷயமா?

— சொல்லியிருக்கலாம் அத்தான்.

— அப்படிப்பட்டவகிட்ட, உன் காட்சி இல்லன்னாதான் படம் நல்லா இருக்குன்னு எந்த வாயால சொல்லுவேன்? தியேட்டர்ல கரண்ட் போச்சுன்னு சொல்லுவோமா?

— எட்டு நிமிஷம் இருபது செகண்டு மட்டும் போய் வந்துச்சுன்னா?

— சரி, சென்சார்ல வெட்டிட்டாங்கன்னு சொல்லு.

— ஒரு பொம்பள அடுப்படி வாசல்ல நின்னு பேசினதுக்கா?

— எதையாவது நீயும் சொல்லேன்டா! எல்லாத்தையும் நானே... ஏய், படிக்கட்டுல செருப்புச் சத்தம். அவதான். சீட்டையெல்லாம் ஒளி.

— எங்க அத்தான்?

— சட்டைக்குள்ள. சீக்கிரம்.

— ரெண்டு பேரும் ஏன் எந்திரிச்சு நிக்கிறீங்க? நான் வகுப்புக்கா வந்திருக்கேன்?

— வா டீச்சர், வா. உக்காரு. டீ சொல்லட்டுமா? மச்சான், டீ சொல்லு.

— இரு. தம்பி, சட்டைக்குள்ள என்ன?

— நெஞ்சு வலி அக்கா.

— நெஞ்சு வலிக்குக் காகிதம் வெச்சுக் கட்டுறது எந்த ஊர் வைத்தியம்? எடு. ஏழாம் வகுப்புப் பையன் பிட்டு ஒளிச்சு வைக்கிறதே இதைவிட நல்லா இருக்கும்.

— டீச்சர், அதெல்லாம் சும்மா கருத்துச் சீட்டு. நேத்து பார்த்தவங்க எழுதினது. கையெழுத்து வேற புரியல...

— கோழி கிறுக்கலைத்தான் நான் தினமும் திருத்துறேன். குடுங்க. ம். குறட்டை. சரி. பீரோ. சரி. பாட்டுக்காரரோட போயிட்டாங்க, ம், இவருக்கு ஆசை அதிகம். இந்த ஒருத்தர் மட்டும் டீ ஆறிப்போச்சுன்னு எழுதியிருக்கார், முட்டை மார்க். முப்பத்தி ஒண்ணு...

— டீச்சர், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு.

— சொல்லுங்க.

— நேத்து காட்டின காப்பியில... அதாவது... மச்சான், நீ சொல்லு.

— நான் எதுக்கு அத்தான்?

— உன் காட்சி வரல டீச்சர்.

— தெரியும்.

— வரவே இல்ல. எட்டு நிமிஷமும்.

— தெரியும்னு சொன்னேன்ல. நான்தான் எடுத்துடச் சொன்னேன்.

— டேய் மச்சான்!

— நான் என்ன பண்றது அத்தான்? எடிட்டர்னா டைரக்டர் சொன்னதைக் கேக்கணும். தம்பின்னா அக்கா சொன்னதைக் கேக்கணும். டைரக்டர்கிட்ட நான் அடி வாங்கினதில்ல.

— மறந்துட்டேன், விட்டுப்போச்சுன்னு காலையிலேர்ந்து என்னா நடிப்பு! உன்னைத்தான்டா படத்துல போட்டிருக்கணும்!

— அவனை விடுங்க. இதைப் பாருங்க. நாற்பது பேர் எழுதியிருக்காங்க, ஒரு சீட்டுகூட வெறுமனே இல்ல. முழு விடையையும் போர்டுல எழுதிப் போட்டா என் வகுப்புல பாதிப் பேர் தூங்கிடுவான். ஒரு சொல்லை அழிச்சுட்டு அங்க கோடு போட்டா, அத்தனை தலையும் நிமிரும். கோடிட்ட இடத்தை நிரப்புக. அவ்வளவுதான். படம் இப்படியே போகட்டும். தயாரிப்பாளர்கிட்ட சொல்லிடுங்க.

— உன் முடி?

— வளரும்.

— முப்பத்தி நாலு டீச்சருங்க?

— நடிச்சிருக்கேன்னுதான் சொன்னேன். எங்கன்னு சொல்லல. தேடட்டும்.

— சத்தியமா சொல்றேன், தலையிலேர்ந்து ஒரு மலை இறங்கின மாதிரி இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். என் வசனம் அவ்வளவு மோசமா?

— உங்க வசனமா?

— பின்ன? நாலு நாள்...

— போன வருஷம் ஒரு நாள், பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நம்ம வீட்டு அடுப்படி வாசல்ல நின்னு நான் உங்ககிட்ட பேசினேன். பதினோரு வருஷமா நான் பேசுறதெல்லாம் உங்களுக்குப் பின்னணி இசைன்னு சொன்னேன். நினைவிருக்கா? அன்னிக்கு சாயங்காலமே மாடிக்கு ஏறிட்டீங்க. நான் சொன்னதை நீங்க காதுல வாங்கல, காகிதத்துல வாங்கிக்கிட்டீங்க. பின்னணி இசைங்கிறதைக்கூட மாத்தல.

— அது... நல்ல வரிங்கிறதால...

— நல்ல வரிதான். எனக்கு வலிச்ச வரி.

— அப்புறம் ஏன் நடிக்க ஒத்துக்கிட்டே?

— கேமராவுக்குப் பின்னாடி உக்காந்தாவது முழுசாக் கேப்பீங்கன்னு நினைச்சேன். ஒன்பது டேக் பேசினேன். ஒன்பது தடவையும் லைட்டு சரியில்லன்னீங்க. அப்பவே முடிவு பண்ணேன். உங்ககிட்ட சொன்ன பேச்சு அது. நீங்களே கேக்கலன்னா ஊரு எதுக்குக் கேக்கணும்?

— அத்தான், ஏசியை நிறுத்தட்டுமா?

— நிறுத்து. தப்புதான் டீச்சர். தப்புதான். என்னை என்ன வேணாலும் சொல்லு. ஆனா ஒரு விஷயத்துல நான் குடுத்து வெச்சவன். படத்துல இருக்கிறவ அவ்வளவும் பேசிட்டுப் போயிடுறா. நீ பேசினே, போகல. பையைக் கீழ வெச்சுட்டு எனக்காகச் சோறாக்கப் போனே பாரு, அங்கதான் நீ...

— நான் போகலன்னு உங்களுக்கு யார் சொன்னா?

— யார் சொல்லணும்? நாலு நாளும் வேளாவேளைக்குக் கதவுகிட்ட தட்டு வந்துச்சே! ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பார்க்கிறீங்க? மச்சான், நீ சொல்லுடா. தட்டு வந்துச்சா இல்லியா?

— வந்துச்சு அத்தான். அதாவது... உப்பு எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியல.