சூளை மேல் காயப்போட்ட டிஸ்க்குகள்

“ஹலோ… ஹலோ… ஆங், கேக்குதுடா, சொல்லு… கேக்குது மாப்ள, நீ பேசு… என்னாது? அம்மா கெளம்பிட்டாங்களா? எங்க? இங்கயா?… இப்பவா?”

ஆனந்தராஜ் கட்டிலைவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வாரத்தில் ஆறு நாள் பீங்கான் கம்பெனிச் சூளையில் சரக்கு அடுக்குகிறவனுக்கு இந்த ஒரு நாள்தான் காலை நீட்டக் கிடைக்கும். கையில் ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு, எந்த கேமை ஆடுவதென்று தெரியாமல் அரை மணி நேரமாக டிவியில் கேம் மெஷினின் பட்டியலைத் தள்ளிக்கொண்டிருந்தான். அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து கார்முகில் கூப்பிட்டான். கார்முகில் நல்லூர்க்காரன். ஐடிஐயில் ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. மூன்று வருடத்துக்கு முன்னால் வெளிநாடு போகும்போது, தான் வாங்கிச் சேர்த்த கேம் டிஸ்க்குகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, “பத்திரம்டா” என்று இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனவன்.

“இல்ல இல்ல, வரட்டும்… நம்ம வூடுதான, வர்றதுக்கென்னா… நா எதுக்குக் கேக்குறேன்னா, நல்லூர்லேர்ந்து வேப்பூரு கூப்புடு தூரம். அதவுட்டுட்டு விருத்தாசலம் வரைக்கும் எதுக்கு சுத்திக்கிட்டு… ஓ… ஓ, டிஸ்க்கு வாங்கவா.”

கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைக் கட்டில் மேல் போட்டான்.

வேப்பூர் பச்சமுத்து லீவு முடிந்து இன்று சாயங்காலம் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்ப முறுக்கு, ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டு கார்முகிலின் அம்மா அமிர்தம் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். போகிற வழியில் அந்த அட்டைப்பெட்டியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறான் மகன்.

“பத்திரமாத்தாண்டா இருக்குது… ஆமா… ஆமா, பொட்டி அப்புடியேதான் இருக்குது. ஒட்டுன டேப்புகூடப் பிரியல… ஆமாடா, ஆமா.”

பெட்டி நன்றாகத்தான் இருந்தது, பரண் மேல். உள்ளே இருந்ததுதான் நாசமாய்ப் போயிருந்தது. ரெண்டு வருடத்துக்கு முந்தைய கார்த்திகை மழையில் கூரை ஷீட் ஒழுகி, பழைய பெட்டி ஊறிப்போய்விட்டது. திறந்து பார்த்தால் டிஸ்க்கெல்லாம் தண்ணீர். கம்பெனியில் மழைக்காலத்தில் நனைந்த சட்டை, பேண்ட், சோற்றுப்பை எதுவானாலும் சூளை மேலே போடுவார்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மொறமொறவென்று காய்ந்திருக்கும். இந்த மகானுபாவன் டிஸ்க்கையும் கொண்டுபோய் அங்கேதான் போட்டான். துண்டை விரித்துப் பத்து டிஸ்க்கையும் வரிசையாகப் பரப்பினான். அந்த நேரம் பார்த்து லோடு லாரி வந்து நின்றது. ஏற்றி முடித்து, ஞாபகம் வந்து மேலே ஏறிப் பார்க்கும்போது மூன்று மணி நேரம் ஓடிப்போயிருந்தது. எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு சூடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிறவன் செய்த வேலை இது.

அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். இவன் வளைந்ததையெல்லாம் அதனதன் உறையில் போட்டு, புதுப் பெட்டியில் அடுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டிப் பரணில் ஏற்றினான். அந்த வாரமே மாதச் சந்தா கட்டி கேம் ஆடுகிற திட்டத்தில் சேர்ந்தான். அதிலிருந்து கார்முகில் எப்போது கூப்பிட்டாலும் சந்தாவின் பெருமைதான். அவன் டிஸ்க்கை மறந்து தொலைத்தால் இந்தப் பேச்சே எழாது என்று ஒரு நப்பாசை. இன்றும் அதையே எடுத்தான்.

“மாப்ள, நா ஒண்ணு சொல்றேன் கேளு… கேளுடா மொதல்ல. இந்தக் காலத்துல எவன்டா டிஸ்க்கத் தூக்கிக்கிட்டு அலையுறான்? மாசாமாசம் சப்ஸ்கிரிப்ஷன் கட்டுனமா, நானூறு கேமு வந்து நின்னுச்சா, இஷ்டத்துக்கு ஆடுனமான்னு… ஆமா, நானூறு… டிஸ்க்குன்னா ஒண்ணே நாலாயிரம் சொல்றான். பத்து நாள்ல ஆடி முடிச்சிடுற. அப்புறம் அது சும்மாத்தான கெடக்குது?… நா தப்பாவா சொல்றேன்?… ம்… ம்… என்னா? ஆமா, நடுவுல சில கேம எடுத்துடுவாங்கதான். ஒண்ணு போனா ரெண்டு வருது… பாதி ஆடிக்கிட்டு இருக்கும்போதே எடுத்துட்டாங்கன்னு உனக்கு எவன் சொன்னான்?… நானா? நா எப்ப… சரி, சொன்னேன். சொன்னேன்டா.”

“காசு கட்டலன்னா பூட்டிக்கும். அது வாடக வூடு மாரி… சொந்த வூடு சொந்த வூடுதான், யாரு இல்லன்னா? ஆனா சொந்த வூட்டுல எவ்ளோ ரோதன தெரியுமா? மழ பேஞ்சா ஒழுவும்! ஒழுவுனா எவன் பாக்குறது?…”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுப்படியில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த அவன் மனைவி பிரபா, உருவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ரெண்டு வருடமாக “அந்தப் புள்ளைகிட்ட சொல்லித் தொலைங்க” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள்.

“ஒண்ணுமில்ல, பேச்சுக்குச் சொன்னேன்… எங்க வூடா? இல்ல, ஒழுவுல… இப்ப ஒழுவுல… அதவுடு, இங்க பறக்குற களிமண்ணு தூசு உனக்குத் தெரியாதா? மெஷினுக்குள்ள பூந்து டிஸ்க்கப் படிக்கவே வுட மாட்டேங்குது. அதான் சொல்றேன், பேசாம நீயும் மாசக் காசு கட்டி… என்னா? நெட்டு இல்லியா? ரூம்ல சுத்தமா இல்லியா?… போன்ல எவ்ளோ வருது?… ஒரு நாளைக்கி ஒரு ஜிபியா… ஆமா. ஒரு கேமே எம்பது ஜிபி இருக்கும்… எறங்காது. மூணு மாசம் ஆவும்… ஆமாடா, அந்த எடத்துல டிஸ்க்குதான்.”

அவன் வாயாலேயே அது வந்துவிட்டது. ஆனந்தராஜ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கார்முகிலுக்கு இன்றைக்கு என்ன சந்தோஷமோ, பேசிக்கொண்டே போனான். இவன் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தான்.

“ம்… ம்… டிவி வாங்கியாச்சா? யாரு, நீயா?… ஓ, ரூம்ல நாலு பேரும் சேந்தா… மெஷினும் வாங்கியாச்சா, பழசா?… பழசு போதும்டா, பழசே நல்லா ஓடும்… ம்… அந்தக் கேரளாக்காரரு இன்னும் உங்கூடத்தான் இருக்காரா? புள்ள பொறந்தும் ஊருக்குப் போவ முடியலன்னு சொன்னியே… ம்… வேல வுட்டு வந்தா ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்குறது இல்ல, அவனவன் போன நோண்டிக்கிட்டு… ம்… அதுக்காவத்தான் வாங்குனீங்களா… வர்ற வெள்ளிக்கெழம லீவா… எல்லாருகிட்டயும் சொல்லிட்டியா, டிஸ்க்கு வருதுன்னு… அவுரு பிரியாணி வேற செய்யிறாராமா… ம்… ம்… நல்லதுடா… ரொம்ப நல்லது.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“டேய் இரு, அம்மா வந்துட்டாங்க… வாங்கம்மா, வாங்க வாங்க. ஒக்காருங்க… அவன்தாம்மா, உங்க புள்ளதான் லைன்ல இருக்கான்… நல்லா இருக்கான், சாப்புட்டானாம்… பிரபா, அம்மாவுக்குத் தண்ணி குடு… இது என்னாம்மா?… எனக்கா? எதுக்கும்மா எனக்குப் போயி… நீதான் சொன்னியாடா? எனக்கு ஒரு டப்பா தனியா அதிரசம் போடச் சொல்லி?… எதுக்குடா சொன்ன? உன்ன எவன் சொல்லச் சொன்னது?”

அவன் ஏன் கோபப்படுகிறான் என்று தெரியாத அமிர்தம் சிரித்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்த அந்த டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் மடியிலேயே வைத்துக்கொண்டான். பிரபா ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பெட்டியை இறக்கி, கூடத்து நடுவில் அவன் கால் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

“ம்… குடுத்துடுறேன்… ஆமா, கட்டி ரெடியா இருக்குது… என்னா சொல்ற? போன தடவ பச்சமுத்து பையில மிக்ஸி ஜாரு நசுங்கிப் போச்சா?… ம்… இதுவும் நசுங்கினா நசுங்கட்டுமா… என்னய ஒண்ணும் சொல்ல மாட்டியா… ம்.”

அடடா, வழி திறந்துவிட்டதே! ஆனந்தராஜின் மனசு அந்த வழியில் ஓடியே போய்விட்டது. டேப் பிரியாத பெட்டி. விமானத்தில் போகிறது, மேலே பத்து பெட்டி ஏறும். அங்கே போய்த் திறந்தால் வளைந்திருக்கும். பழி சூட்டின் மேல் விழும், பாரத்தின் மேல் விழும், போனால் பச்சமுத்து தலையில் விழும். மஸ்கட்டுக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் கேட்க ஆளில்லை. வெட்கம்கெட்ட கை பெட்டியை எடுத்து அமிர்தத்திடம் நீட்டியும்விட்டது.

அவள் ரெண்டு கையாலும் வாங்கினாள். மகனுக்கென்று எடுத்து வந்த புதுக் கைலியைப் பையிலிருந்து உருவி, மடிப்பைப் பிரித்து, பெட்டி நசுங்கிவிடக் கூடாதென்று சுற்றிச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

“டேய்… கார்முகிலு, இரு. கொல்லப் பக்கம் போறேன், இரு… அம்மா, ஒரு நிமிஷம், இங்க சிக்னலு சரியில்ல.”

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

“ஆங், வந்துட்டேன்… அந்த டிஸ்க்கு எதுவும் ஓடாதுடா… ஓடாதுன்னா ஓடாது. வளஞ்சி போச்சி… வெளையாடல மாப்ள. நாந்தாண்டா, நாந்தான் கெடுத்தேன்… மழையில நனஞ்சிடுச்சி. காயட்டும்னு கம்பெனிக்கு எடுத்துக்கிட்டுப் போயி… சூள மேல… ஆமா, சூள மேலதான். சட்ட போடுவமில்ல, அதே எடத்துலதான்… தெரியும்டா எவ்ளோ சூடுன்னு. தெரிஞ்சிதான அங்க வேல பாக்குறேன்… அப்ப புத்தி வேல செய்யல… ரெண்டு வருஷம் ஆச்சி.”

“ஹலோ?… இருக்கியாடா?… எதாவது பேசு. திட்டுடா, நல்லா நாக்கப் புடுங்குற மாரி திட்டு, வாங்கிக்கிறேன்… ஏன் சொல்லலன்னா… எப்புடிடா சொல்றது? மொத நாளு பயம். அப்புறம் ஒவ்வொரு நாளும் சேந்து சேந்து, வாயத் தெறக்கவே முடியாமப் போச்சி… ஆமா. அதுக்காவத்தான் சப்ஸ்கிரிப்ஷன் சப்ஸ்கிரிப்ஷன்னு கத்துனேன். நீ டிஸ்க்க மறந்துடுவன்னு பாத்தேன்… அசிங்கமாத்தான் இருக்குது. எனக்கே என்ன நெனச்சா அசிங்கமா இருக்குது… இப்பகூட அம்மா கையில பொட்டியக் குடுத்துட்டேண்டா. அப்புடியே அனுப்பிடலாம்னு பாத்தேன். புதுக் கைலி சுத்திக் கட்டுறாங்க…”

துவைகல் மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினான். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

“எல்லாமேவா?… இல்ல. ஒண்ணு இருக்குது. அந்த காரு ரேஸு. பாண்டில நீ பாதி நா பாதி போட்டு வாங்குனமே, அது. பொட்டில இல்ல, என் மெஷினுக்குள்ளயே கெடந்துச்சி. அதனால தப்பிச்சிடுச்சி… ஓடுது, ஓடுது. நேத்துகூட ஓட்டுனேன்… ஆமாடா, நானூறு கேமு இருக்குதுதான். தெனம் அத்தினியும் பாக்குறேன். கடசில அதத்தான் போடுறேன்… ம்… அத அனுப்பட்டா?… உனக்குப் பாதி எனக்குப் பாதின்னு எல்லாம் வேணாம், அது உனக்குத்தான்… அம்மாகிட்டயா? நீ சொல்லாத. நானே சொல்றேன்.”

உள்ளே வந்து அமிர்தத்தின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தான். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அவனும் கேட்கட்டும்.

“அம்மா, அந்தப் பொட்டியக் குடுங்க… உள்ள இருக்குறது எல்லாம் கெட்டுப் போச்சிம்மா. நாந்தான் கெடுத்தேன். அவன்கிட்ட இப்பதான் சொன்னேன்… இல்லம்மா, ரிப்பேரு பண்ண முடியாது… நீங்க எதுக்கும்மா கண்ணத் தொடைக்கிறீங்க எனக்கு, நா சின்னப் புள்ளயா?… கைலிய மடிச்சி வைங்க. நா வேற தர்றேன்.”

மெஷினிலிருந்து ரேஸ் டிஸ்க்கை எடுத்தான். பனியனில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு நல்ல உறையில் போட்டான்.

“கார்முகிலு… இருக்கியா? ஒங்ககிட்ட ஜாய்ஸ்டிக்கு எத்தினி இருக்குது?… ஒண்ணா? நாலு பேருக்கு ஒண்ண வச்சிக்கிட்டு? ரேஸுடா அது, ஒத்த ஆளா ஓட்டுறதுக்கா?… இரு… வச்சிட்டேன்… ரெண்டு… ஆமா, ரெண்டையுந்தான். ஒன் மெஷினுக்கும் இதேதான சேரும்… சேரும்டா, வாங்கிக்க… அம்மா, இந்தாங்க, இத கைலில சுத்துங்க.”

பிரபா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினின் ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் முறுக்கு டப்பாவுக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டன. அப்போது கார்முகில் என்னவோ கேட்டான். பழைய குரலிலேயே, டேய் போட்டுக் கேட்டான்.

“நானா?… நா எதுல ஆடுறதா?…”

ஆனந்தராஜ் டிவியைத் திரும்பிப் பார்த்தான். நானூறு கேமும் வரிசையாக நின்றன. ஜாய்ஸ்டிக்கை இணைக்கவும் என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

“என்ன வுடுடா… எனக்கென்னா, நா பாத்துக்குறேன்… வெள்ளிக்கெழம ஓட்டிட்டுச் சொல்லு, யாரு ஜெயிச்சாங்கன்னு… அழுவுல, தூசுடா… அம்மாவுக்கு வேப்பூரு பஸ்ஸுக்கு நேரமாவுது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோயி வுட்டுட்டு வரேன். வையி… டேய், நீ வையிடா மொதல்ல.”

ரெண்டு பேரும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லைன் தானாகக் கட்டானது.