ரோகிணி நட்சத்திரக் குதிரை

காளிகாட் கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞன் தன் மனைவியிடம் தமிழில் சொன்னான்: "குதிரைக்கு ரோகிணி நட்சத்திரம்."

செம்பருத்தி மாலையோடு நின்றவள் திரும்பினாள். "வீடியோ கேம் குதிரைக்கா? லீவு நாளும் அதுவுமா பாலிகஞ்ச்லேர்ந்து என்னை இழுத்துட்டு வந்தது இதுக்குத்தானா?"

"மூணு மாசம் என்னைச் சுமந்துச்சு. அது என்கிட்ட வந்த தேதியை வச்சு காலண்டர்ல பார்த்தேன்."

"கேம்தான் நேத்தே முடிஞ்சிருச்சே."

"அதான் கவலை. ஹீரோ கப்பலேறி ஊருக்குப் போயிட்டான். என் குதிரை கறுப்பன் கரையில தனியா நிக்குது."

"மறுபடி முதல்லேர்ந்து ஆடு. வந்துரும்."

"வரும். ஆனா அதுக்கு என்னைத் தெரியாது."

அவள் மாலையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "என் நட்சத்திரம் என்ன, சொல்லு."

"மகம்?"

"பூராடம்."

வரிசை நகர்ந்தது. எனக்கு என் வேண்டுதலே மறந்துபோயிருந்தது.

"இங்க அர்ச்சனைக்கு நட்சத்திரமெல்லாம் கேக்க மாட்டாங்க. கோத்திரம்தான் கேப்பாங்க," என்றாள். அவன் முகம் வாடிவிட்டது. குதிரையின் கோத்திரத்தை அவன் யோசித்திருக்கவில்லை.

யார் பேருக்கு, என்ன கோத்திரம் என்று பூசாரி வங்காளத்தில் கேட்டார். அவன் மனைவியைப் பார்த்தான். அவள்தான் முன்னால் சாய்ந்து, தங்கள் கோத்திரத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்சமும் தடுமாறாத வங்காளத்தில் சேர்த்துச் சொன்னாள்:

"பேரு கறுப்பன். எங்க மூத்த பையன். வெளியூர்ல தனியா இருக்கான்."